ஆறு சுற்றி ஓடும் ஊரில் குழாயை மூடச் சொல்வது

கண்டியில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று சொன்னால் யாழ்ப்பாணத்தார் சிரிப்பார்கள். வற்றாத ஆறே இல்லாத குடாநாட்டில், சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கிய மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்து வெங்காயமும் புகையிலையும் விளைவித்தவர்கள் அவர்கள். மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓடும் ஊரில் குழாய் வற்றுகிறது என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆண்டுக்கு 1,800 முதல் 2,000 மில்லிமீற்றர் வரை மழை. நாட்டின் மிக நீண்ட ஆறு வாசலில். ஊர் நடுவே ஒரு குளம். தலைக்கு மேலே இரண்டு காடுகள். இதற்கு மேல் ஒரு நகரம் என்னதான் கேட்கும்?

ஆனாலும் தைப்பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு அறிவித்தல் வந்துவிடுகிறது. வாகனம் கழுவாதீர்கள், பூந்தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்காதீர்கள், குடிக்கவும் சமைக்கவும் முதலிடம் கொடுங்கள் என்று தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை வானொலியிலும் பத்திரிகையிலும் கேட்டுக்கொள்ளும். மாசி, பங்குனி வெயிலில் ஹந்தான, பஹிரவகந்த, அம்பிட்டிய மேட்டு வீடுகளில் காலையில் அயலவரைக் கண்டதும் வாயில் வரும் முதல் கேள்வி "தண்ணி வந்ததா?" என்பதுதான். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாளிகளை நிரப்பி வைத்தவர் வந்தது என்பார். தூங்கிவிட்டவர் பவுசருக்குக் காத்திருப்பார். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்த மழையெல்லாம் எங்கே போனது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

மழை ஊர் மக்களிடம் தண்ணீரைச் சேமியுங்கள் என்று சொல்வது வறண்ட ஊர் மக்களிடம் சொல்வதைவிடக் கடினம். வவுனியாக்காரருக்கு ஒரு குடத்தின் அருமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கண்டிக்காரரோ ஜன்னலைத் திறந்தால் ஆற்றைப் பார்க்கிறார். அவரிடம் குழாயை மூடு என்றால், ஏன் மூட வேண்டும் என்பதற்கு நல்லதொரு காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தை இந்த நகரம் இன்னும் சரியாகச் சொல்லவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

கெட்டம்பே துறையில்

கண்டிக் குழாய்நீருக்கு மூன்று உரிமையாளர்கள் இருக்கிறார்கள். மாநகர எல்லைக்குள் கண்டி மாநகர சபை. 1865ஆம் ஆண்டில் பிறந்த இந்தச் சபை, சொந்தமாக நீர் வழங்கும் மிகச் சில உள்ளூராட்சி மன்றங்களில் ஒன்று. எல்லைக்கு வெளியே குண்டசாலை, அக்குறணை என்று விரிந்து கிடக்கும் ஊர்களுக்குத் தேசிய நீர் வழங்கல் சபை. குழாய் ஏற முடியாத மலைக் கிராமங்களில் ஊரவர்களே நடத்தும் சிறு நீர்த்திட்டங்கள். இந்த மூன்றாவது ஆளைப் பற்றி நகரத்தார் அதிகம் பேசுவதில்லை. கட்டுரையின் சுவையான பகுதி அங்கேதான் இருப்பதால் பிறகு வருகிறேன்.

மாநகர சபையின் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கெட்டம்பேயில், மகாவலிக் கரையில் இருக்கிறது. எசல பெரஹெரவின் கடைசி இரவு ஊர்வலம் முடிந்த விடியலில் நீர்வெட்டுச் சடங்கு நடப்பதும் அதே கெட்டம்பேத் துறையில்தான். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பூசகர்கள் ஆற்றில் இறங்கி, வாளால் நீரை வெட்டி, வெட்டிய இடத்தில் குடத்தை முகந்து எடுத்துச் செல்வார்கள். அந்தக் குடத்து நீர் அடுத்த ஆண்டு பெரஹெர வரை கோவிலில் பத்திரமாக இருக்கும். பத்தினி நம் கண்ணகிதான் என்பதும், மழை வேண்டிச் செய்த வழிபாட்டின் சாயல் இந்த விழாவில் உண்டு என்பதும் தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஒரு குடம் ஆற்றுநீரை ஓராண்டு கட்டிக்காக்கத் தெரிந்த ஊர்தான் இது. அதே ஆற்றிலிருந்து இரவு பகலாக ஏற்றப்படும் நீரைக் கணக்கில்லாமல் விடுவதும் இதே ஊர்தான்.

ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, வீடுகள் மேட்டில் இருக்கின்றன. கண்டியின் தண்ணீர்க் கதை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம். ஆயிரம் லீற்றர் நீரை, அதாவது பட்டியலில் வரும் ஒரு 'யூனிட்'டை, நூறு மீற்றர் உயரத்துக்கு ஏற்றக் கோட்பாட்டுக் கணக்கில் 0.27 அலகு மின்சாரம் வேண்டும். பம்பியின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 0.4. ஒரு மேட்டு வீட்டில் மாதம் 15 யூனிட் நீர் செலவானால், அதை ஏற்றுவதற்கு மட்டும் 6 அலகு மின்சாரம் எரிகிறது. சுத்திகரிக்கும் படிகாரமும் குளோரினும் தனிச் செலவு. ஆறு நிறையத் தண்ணீர் ஓடினாலும் மேட்டு வீட்டுக் குழாயில் வருவது மின்சாரமும் மருந்தும் கலந்த விலையுயர்ந்த சரக்கு. அதைக் கொண்டு முற்றத்தின் சீமெந்துத் தரையைக் கழுவுகிறோம்.

குழாயை மூடுவதற்கான இரண்டாவது காரணம் இதைவிடச் சங்கடமானது. மகாவலி பேராதனை, கெட்டம்பே, கன்னொருவ, ஹல்லொலுவ, கொஹாகொட என்று வளைந்து கட்டுகஸ்தோட்டைக்கு வருகிறது. கண்டிக் குளத்திலிருந்து புறப்படும் மெத எல, கடைத்தெருவின் கழிவையெல்லாம் வாரிக்கொண்டு போய் இதே ஆற்றில்தான் விழுகிறது. நகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாக மலைபோல் குவிந்த கொஹாகொட மேடும் இந்த ஆற்றங்கரையில்தான். இவற்றுக்குக் கீழே, கட்டுகஸ்தோட்டையில், ஜப்பானியக் கடனுதவியில் எழுந்த பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையம் ஆற்றிலிருந்து நீர் எடுக்கிறது. மேலே இருப்பவர் கழுவியதைச் சுத்திகரித்துக் கீழே இருப்பவர் குடிக்கிறார். வீட்டில் குறைத்துப் பாவித்த ஒவ்வொரு வாளியும் ஆற்றுக்குப் போகாத ஒரு வாளிக் கழிவுநீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கன்னொருவவில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க ஜப்பான் 2010இல் கடன் கொடுத்தது. நகரம் தன் அழுக்கை முறையாகப் பார்க்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

பட்டியல் பேசியது

ஆண்டுக்கணக்கில் அறிவித்தல்களால் முடியாததை 2022க்குப் பிறகு வந்த நீர்க்கட்டணப் பட்டியல் செய்து காட்டியது. நீர் வழங்கல் சபை 2012க்குப் பின்னர் பத்து ஆண்டுகள் கட்டணத்தைத் தொடவே இல்லை. நாடு வங்குரோத்தான 2022இன் செப்டெம்பரில் முதல் உயர்வு வந்தது. 2023 ஓகஸ்டில் அடுத்தது. அதன்படி வீட்டுப் பாவனையின் முதல் ஐந்து யூனிட்டுகளுக்கு யூனிட் ஒன்று 60 ரூபாய், மாதாந்த சேவைக் கட்டணம் 300 ரூபாய். பாவனை கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். 2024இல் சற்றுக் குறைத்தார்கள். ஆனால் அதற்குள் வீடுகளில் பழக்கம் மாறத் தொடங்கிவிட்டது. பாத்திரம் கழுவ பேசின் வைத்தார்கள். வாஷிங் மெஷின் கடைசியாகக் கக்கும் நீரைப் பிடித்து வாசல் கழுவினார்கள். முன்பெல்லாம் மீட்டர் வாசிக்க வருபவரை நாய் மட்டும்தான் கவனித்தது. இப்போது வீட்டுக்காரரும் கூடவே போய் எட்டிப் பார்க்கிறார்.

விலை பேசினால் மக்கள் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த விலை நியாயமாகப் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். 2023 ஓகஸ்ட் கட்டணத்தில், மாதம் ஐந்து யூனிட் பாவிக்கும் வீட்டுக்கு நீருக்கு 300, சேவைக்கு 300, மொத்தம் 600 ரூபாய். அந்த வீடு முயன்று மூன்று யூனிட்டுக்கு இறங்கினால் 480 ரூபாய். தண்ணீரில் நூற்றுக்கு நாற்பது மிச்சம் பிடித்தவருக்குப் பட்டியலில் நூற்றுக்கு இருபதுதான் குறைகிறது. ஏற்கெனவே சிக்கனமாக இருப்பவரை இந்த முறை தட்டிக்கொடுக்கவில்லை.

இன்னொரு கோணல். கண்டி போர்டிங் ஊர். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள், வைத்தியசாலைத் தாதியர், கடைச் சிப்பந்திகள் என்று ஒரே கூரையின் கீழ் பத்துப் பேர், ஒரே மீட்டர். ஆளுக்கு அரை வாளியில் குளித்தாலும் மொத்தக் கணக்கு மேல் படிக்கு ஏறிவிடும். தோட்டமும் இரண்டு காரும் வைத்துக்கொண்டு இருவர் மட்டும் வாழும் பங்களா கீழ்ப்படியில் சுகமாக இருக்கும். மஹியாவ போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் ஒரு குழாயைப் பல வீடுகள் பங்கிடுகின்றன. நகரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டித் துப்புரவாக்கிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் இடம் அது. வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை யாரும் வீணாக்குவதில்லை. 'நீரைச் சேமிப்போம்' என்ற சுவரொட்டியை அங்கே ஒட்டினால் அது கேலியாகத்தான் படும்.

கட்டணத்தை ஆயுதமாக்கிய நகரங்கள் வெறும் கட்டணத்தோடு நிற்கவில்லை. சிங்கப்பூர் 1991இலேயே நீர் சேமிப்பு வரி போட்டது. 2009 முதல் கடையில் விற்கும் குழாய், ஃப்ளஷ் தொட்டி எல்லாவற்றிலும் எவ்வளவு நீர் குடிக்கும் என்று லேபல் ஒட்டுவதைக் கட்டாயமாக்கியது. நாம் ஹார்ட்வெயார் கடையில் குழாய் வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், பளபளப்பைப் பார்க்கிறோம். கழிவறைத் தொட்டி ஒரு முறைக்கு ஒன்பது லீற்றரை ஊற்றுமா, மூன்றை ஊற்றுமா என்று யார் கேட்கிறார்கள்?

கேப் டவுன் நகரம் 2018இல் வேறொரு வழியில் போனது. அணைகள் வற்றி, குழாய்களை மூடும் நாள் நெருங்கியபோது ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று வரம்பு விதித்தது. வரம்புக்குள் நிற்கும் வீடுகளுக்கு இணைய வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்து ஊருக்கே காட்டியது. அந்த நாள் வராமலே தப்பித்தார்கள். இதைக் கண்டியில் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பச்சைப் புள்ளி இல்லாத வீட்டுக்காரர் அடுத்த நாளே மாநகர சபை உறுப்பினரைப் பிடித்து ஒரு புள்ளி வாங்கிவிடுவார்.

கூரையிலிருந்து கான் வரை

கண்டியில் ஆயிரம் சதுர அடிக்குச் சற்று அதிகமான, அதாவது நூறு சதுர மீற்றர் கூரையுள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மழை 1,800 மில்லிமீற்றர் என்று குறைத்தே வைத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கழித்தாலும், கூரையில் விழுந்து பீலி வழியே இறங்கும் நீர் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் லீற்றருக்கு மேல். நான்கு பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு 120 லீற்றர் வீதம் ஆண்டு முழுவதும் பாவிப்பது ஏறத்தாழ ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம். இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் காசு கொடுத்து ஆற்றிலிருந்து ஏற்றும் நீரில் பெரும்பங்கு ஏற்கெனவே நம் கூரைக்கு இலவசமாக வந்து, கானில் இறங்கி, மெத எலயில் கலந்து போகிறது.

அரசுக்கு இது தெரியாமலில்லை. 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை வந்தது. 2009 ஏப்ரலில் நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. மாநகர, நகர சபைப் பகுதிகளில் புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மழைநீரை ஊருக்குப் பழக்க 1996 முதல் பாடுபடும் லங்கா மழைநீர் சேகரிப்பு மன்றம் போன்ற அமைப்புகளின் உழைப்பும் அந்த விதியின் பின்னால் இருக்கிறது. விதி நல்ல விதி. வீடு கட்டுபவர் வரைபடத்தில் தாங்கியை வரைகிறார், அனுமதி கிடைக்கிறது. பிறகு அந்த இடத்தில் கார் நிற்கிறது. பார்க்க வருபவர் இல்லை, வந்தாலும் ஒரு நீல பீப்பாயைக் காட்டினால் போதும் என்ற நிலைதான் ஊரில் பரவலாகத் தெரிகிறது.

அம்பிட்டிய சரிவிலுள்ள வீடொன்றில் இதைச் சரியாகச் செய்திருப்பதைப் பார்த்தேன். பெரிய பொறியியல் எதுவும் இல்லை. கூரைப் பீலி இறங்கும் இடத்தில் வலை. அதன் கீழ் ஒரு கிளைக் குழாய். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களின் அழுக்கு நீர், பறவை எச்சம், உதிர்ந்த பூ எல்லாம் அந்தக் கிளைக்குள் இறங்கி அடைந்துகொள்ளும். கிளை நிரம்பியதும் சுத்தமான நீர் மேலே வழிந்து 2,000 லீற்றர் தாங்கிக்குப் போகும். தாங்கியிலிருந்து வரும் குழாய் கழிவறைக்கும், துணி துவைக்கும் கல்லுக்கும், பூச்செடிகளுக்கும் மட்டும். சமையலறைக்குச் சபைத் தண்ணீர். நுளம்பு புகாமல் மூடியில் துணி கட்டியிருந்தது. டெங்கு பயம் உள்ள ஊரில் இந்தத் துணி தாங்கியைவிட முக்கியம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கிளைக் குழாயின் அடைப்பானைத் திறந்து விட வேண்டும். அதை மறந்தால் அடுத்த மழைக்கு எல்லாம் பாழ். வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வேலை ஒப்படைக்கப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டுச் செய்திகளைப் படிக்கும் நம்மவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. சென்னையில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி வெட்டினார்கள். சமதரை ஊருக்கு அது பொருந்தும். நிலத்தடி நீர் ஏறும். கண்டிச் சரிவில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. மண்சரிவு அபாயமுள்ள சரிவில் மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது சரிவையே இளக்கிவிடும். மழைநீரை மேற்பரப்புக் கான்களில் பாதுகாப்பாக வெளியேற்றுவதுதான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டு வீடுகளுக்கு வலியுறுத்துவது. ஆகவே இங்கே குழி வேண்டாம், தாங்கி வேண்டும். தாங்கி நிரம்பி வழியும் நீருக்கும் ஒழுங்கான கான் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இந்தப் பாடத்தை மறக்க முடியாதபடி நடத்திவிட்டது. நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி மாவட்டம்தான். மலை சரிந்து, ஆறு பெருகி, எங்கு பார்த்தாலும் தண்ணீராக இருந்த நாட்களில் நகரின் பல பகுதிகளில் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. வீட்டில் ஒரு தாங்கி மழைநீர் வைத்திருந்தவர் அந்த நாட்களில் கழிவறைக்காவது பவுசரை எதிர்பார்க்காமல் இருந்தார். சேமிப்பு என்றால் வறட்சிக் காலத்து வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நகரம் தன் பங்குக்கு

மக்களிடம் சொட்டுச் சொட்டாகச் சேமிக்கச் சொல்பவர்கள் வீதிக்கடியில் ஓடும் நீரைப் பற்றியும் பேச வேண்டும். சுத்திகரித்து அனுப்பிய நீரில் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு வருமானம் வருவதில்லை. கசிவு, திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர் எல்லாம் இதில் அடக்கம். கொழும்பு நகரில் ஒரு காலத்தில் இது பாதியளவுக்கு இருந்து, பெரும் செலவில் குழாய்களை மாற்றிக் குறைத்தார்கள். மலை நகரத்தில் கசிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேட்டுத் தாங்கியிலிருந்து நூறு மீற்றர் கீழே இறங்கும் குழாயின் அடியில் பத்து வளிமண்டல அளவு அழுத்தம் நிற்கும். பழைய வார்ப்பிரும்புக் குழாய் அதைத் தாங்காது. நள்ளிரவில் ஊர் தூங்கி, குழாய்கள் மூடியிருக்கும்போது அழுத்தம் உச்சத்துக்குப் போகும். வீதி வெடித்து நீர் கொட்டுவது பெரும்பாலும் அந்நேரத்தில்தான். நகரை அழுத்த வலயங்களாகப் பிரித்து, குறைப்பு வால்வுகள் போட்டு, பழைய குழாய்களை மாற்றினால் மிச்சமாகும் நீருக்கு, பத்தாயிரம் வீடுகளின் பேசின் கூட ஈடாகாது.

நல்லதையும் சொல்ல வேண்டும். கண்டி மாநகர சபை தன் பாரம்பரியத்தில் செய்த மிகச் சிறந்த நீர் சேமிப்பு, ஒரு தோட்டத்தைக் காடாக விட்டதுதான். நகரின் தென்கிழக்கே துனுமடலாவக் காடு, சுமார் 480 ஹெக்டெயர். ஆங்கிலேயர் காலத்தில் கோப்பியும் தேயிலையும் கொக்கோவும் நின்ற சரிவு அது. நகரத்தின் குடிநீர்த் தேக்கங்களைக் காக்க வேண்டுமென்று பயிர்ச்செய்கையைக் கைவிட்டு மரம் வளரவிட்டார்கள். துனுமடலாவ, ரோஸ்னீத் என்ற இரண்டு சிறு தேக்கங்கள் இன்றும் அதற்குள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் நீருக்குப் பெரிய பம்பி வேண்டாம், ஈர்ப்பு விசையே போதும். லாபம் தந்த நிலத்தைத் தண்ணீருக்காக விட்டுக்கொடுத்த முடிவை இன்றைய எந்தச் சபையாவது எடுக்குமா என்று தெரியவில்லை. ஹந்தான மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. அதன் விளிம்பில் இன்றும் ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. மேலே ஒரு சரிவு மொட்டையானால் கீழே நூறு வீடுகள் குழாயை மூடியும் பயனில்லை.

மீட்டரை ஊரே பார்க்கும் இடம்

இனி அந்த மூன்றாவது ஆளிடம் வருவோம். கண்டி மாவட்டத்தின் மலைக் கிராமங்களில் ஓர் ஊற்றை அணைகட்டி, ஒரு தாங்கி கட்டி, வீட்டுக்கு வீடு குழாயும் மீட்டரும் போட்டு ஊரவர்களே நடத்தும் நீர்த்திட்டங்கள் பல உண்டு. நாடு முழுவதும் இப்படி நாலாயிரத்துக்கு மேல். 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் என்று இவற்றுக்கென்றே ஒரு திணைக்களம் தொடங்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அயல் வீட்டுக்காரர்களே. மீட்டர் வாசிப்பவர் ஊர்ப் பையன். மாதாந்தக் கூட்டம் உண்டு. தாங்கி கழுவும் சிரமதானத்துக்கு வராதவருக்குத் தண்டம் உண்டு. கட்டணமும் படிக்கட்டு முறைதான், ஆனால் எந்தப் படியில் எவ்வளவு என்று தீர்மானித்தவர்கள் அதைக் கட்டுபவர்களே.

இங்கே சேமிப்புப் பிரசாரம் தேவைப்படுவதில்லை. கீழ் வீட்டுக்காரர் மிளகாய்ப் பாத்திக்கு ஹோஸ் பிடித்தால் மேல் வீட்டுக் குசினியில் குழாய் சீறும். பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். பங்குனியில் ஊற்று மெலிந்தால் எல்லோரும் ஏறிப்போய்ப் பார்க்கலாம். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரைதான் தண்ணீர் என்று கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறும். குறைகளும் இல்லாமலில்லை. பல திட்டங்களில் குளோரின் போடுவது ஒழுங்காக நடப்பதில்லை. ஊர்ப்பகை வந்தால் மீட்டரிலும் பகை வரும். ஆனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு மிச்சம், யார் அதிகம் எடுக்கிறார் என்ற மூன்றும் எல்லோர் கண்ணிலும் படுவதால் குழாய் தானாக மூடப்படுகிறது. நகரத்துப் பட்டியலில் இந்த மூன்றில் எதுவும் இல்லை.

தோட்டப்புறத்திலும் இதே ஒழுங்கு எழுதப்படாமல் இருந்து வந்திருக்கிறது. கலஹா, புஸ்ஸல்லாவ பக்கத்து லயங்களில் பீலிக்கரைக்கு ஒரு முறை உண்டு. குடிக்க எடுக்கும் பீலியில் துணி துவைக்க மாட்டார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் முதலில், மற்றவர்கள் பிறகு. ஆனால் இதை அழகாக வர்ணித்துவிட்டு நகர முடியாது. விடியலில் குடம் சுமந்து மலையேறும் பெண்ணின் முதுகில் நிற்கும் சிக்கனத்தை முன்மாதிரி என்று நகரத்தில் இருந்துகொண்டு எழுதுவது அநியாயம். அவர்களுக்கு முதலில் குழாய் வேண்டும்.

அக்குறணை, மடவளைப் பக்கத்துப் பள்ளிவாசல்களில் இன்னொரு நல்ல பழக்கம் இருந்தது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூவுக்கு நீரை வீணாக்காதே என்ற நபிகளாரின் போதனையை அறியாத முஸ்லிம் இல்லை. பழைய பள்ளிகளில் ஹவ்ழ் என்ற தொட்டியிலிருந்து முகந்து செய்தபோது ஆளுக்குச் சில கோப்பை நீரோடு முடிந்தது. வரிசைக் குழாய்கள் வந்தபின் அதே வேலைக்குப் பல மடங்கு ஓடுகிறது. மெல்லிய தாரைக் குழாய் பொருத்துவது பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு நாள் வேலை. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் சேர்ந்தால் எந்தச் சபையின் அறிவித்தலையும்விட அது ஆழமாக இறங்கும். கோவில்களுக்கும் விகாரைகளுக்கும் இது பொருந்தும். 2025 ஏப்ரலில் தலதா தரிசனத்துக்காக இலட்சக்கணக்கானோர் இந்தச் சிறிய நகரத்துக்குள் வந்து நின்றபோது, தண்ணீரும் கழிவறையுமே நகரின் பெரும் தலைவலியாக இருந்தன. ஆண்டுதோறும் பெரஹெரவுக்கும் அதே பாடுதான்.

மாநகர சபையும் நீர் வழங்கல் சபையும் உண்மையிலேயே மக்களைச் சேமிக்கவைக்க விரும்பினால், பட்டியலின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். இந்தத் தெருவின் சராசரி இத்தனை யூனிட், உங்கள் வீடு இத்தனை, சென்ற ஆண்டு இதே மாதம் இத்தனை, நாங்கள் இந்த மாதம் கசியவிட்டது இத்தனை. கடைசி இலக்கத்தை அச்சிடத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு வந்த பிறகு ஹோஸ் பிடிக்காதே என்று சொல்வதற்கு உரிமையும் வந்துவிடும். ஆட்கணக்கைப் பார்த்துப் படிக்கட்டை அமைப்பதும், மழைநீர்த் தாங்கி உண்மையில் வைத்திருக்கும் வீட்டுக்கு வரியிலோ கட்டணத்திலோ சிறு கழிவு கொடுப்பதும் அடுத்த வேலைகள்.

அதுவரை காத்திருக்காமல் வாசகர் ஒன்று செய்யலாம். இன்றிரவு கூரைத் தாங்கி நிரம்பிய பிறகு வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மீட்டரில் கடைசிச் சிவப்பு இலக்கத்தை ஒரு துண்டில் குறித்து வையுங்கள். விடிந்ததும், யாரும் முகம் கழுவுவதற்கு முன் மறுபடி பாருங்கள். இலக்கம் நகர்ந்திருந்தால் வீட்டுக்குள் எங்கோ கசிகிறது. முதலில் கழிவறைத் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். தொட்டிக்குள் சிறிது நீலச் சாயம் விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் இருங்கள். சாயம் கோப்பைக்குள் இறங்கினால் அடியிலுள்ள ரப்பரை மாற்ற வேண்டும். அதற்கு பிளம்பர் பாஸ் கூடத் தேவையில்லை. நொடிக்கு ஒரு சொட்டு விடும் குழாயே நாளைக்கு இருபது லீற்றரை, மாதத்துக்கு அறுநூறு லீற்றரைக் கொண்டுபோய்விடும். கசிவு வீதியில் தெரிந்தால், நீர் வழங்கல் சபையின் 1939 இலக்கத்துக்கு அழையுங்கள். மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சபையின் நீர்வேலைப் பகுதிக்குச் சொல்லுங்கள். ஒரு முறை சொல்லி வரவில்லையென்றால் மறுநாளும் சொல்லுங்கள்.